புல் விட்டுப்போன எழுத்து

கிகுயோவுக்கும் எனக்கும் முதல் சண்டை ஹேர் டிரையரால் வந்தது.

அப்போது நான் யாத்திரை பஸ்ஸில் வழிகாட்டியாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஷிகோகு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களையும் பன்னிரண்டே நாளில் சுற்றி வரும் பஸ் அது. வழிகாட்டி என்றதும் கொடி பிடித்துக்கொண்டு கதை சொல்லும் ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். என் உண்மையான வேலை மூட்டை தூக்குவது. பஸ் நின்றதும் யாத்திரிகர்கள் வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக இறங்கிச் சன்னதி முன் நின்று சூத்திரம் ஓதுவார்கள். அவர்கள் ஓதி முடிப்பதற்குள் நான் அத்தனை பேருடைய யாத்திரைப் புத்தகங்களையும் பையில் அள்ளிக்கொண்டு எழுத்து ஜன்னலுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தக் கோயிலுக்கு உரிய பக்கத்தில், அங்கே இருக்கும் புத்தரின் பெயரைத் தூரிகையால் எழுதி, மூன்று சிவப்பு முத்திரை வைத்துத் தருவார்கள். மை காயாமல் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ஹேர் டிரையர். நாற்பத்து மூன்று புத்தகம், இருபத்தைந்து நிமிஷம். ஒரு நாளில் இதை ஏழெட்டுத் தடவை செய்ய வேண்டும்.

மற்ற கோயில்களில் மளமளவென்று எழுதித் தள்ளிவிடுவார்கள். மலையடிவாரத்தில் இருந்த அந்த ஒரு கோயிலின் ஜன்னலில் மட்டும் கிகுயோ உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஊதியை நிறுத்துங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"ஏங்க, மை காய வேண்டாமா?"

"தானா காயும். அது போடுற இரைச்சல்ல எனக்கு என் மூச்சே கேக்கல."

மூச்சு கேட்க வேண்டுமாம்! கீழே டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நீங்க மூச்சு விட்டு மூச்சு விட்டு எழுதி முடிக்கிறதுக்குள்ள, உள்ள இருக்கிற புத்தரே எழுந்து வந்து எங்க பஸ்ல ஜன்னலோரம் உக்காந்துடுவாரு."

"உக்காரட்டுமே. அவராவது பொறுமையா இருப்பாரு."

சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்தார். தூரிகையை மையில் நனைத்தார். கண்ணை மூடவில்லை, மந்திரம் எதுவும் முணுமுணுக்கவில்லை. தோள் ஒரு முறை ஏறியது. அது இறங்கும்போது தூரிகை காகிதத்தைத் தொட்டது. மூச்சு முடிகிற இடத்தில் பெயரும் முடிந்தது. அவ்வளவுதான். அதை நாற்பத்து மூன்று தடவை செய்தார். நான் நாற்பத்து மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இருபத்தாறு வருஷம் நடந்தது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்த ஜன்னலில் போய் நிற்பேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதுவும் அவர் எழுதாத நேரத்தில்தான். தூரிகை கையில் இருந்தால் பூகம்பம் வந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார்.

பிறந்தது அந்த மலைச்சரிவில், ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில். பள்ளிக்கூடத்தில் தூரிகை எழுத்து வகுப்பு அவருக்கு ஆகவே ஆகாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வகுப்பு உண்டு. தாளில் சிவப்பு வட்டம் போட்டால் சரி என்று அர்த்தம். வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்துப்போனால் வட்டத்தை உள்ளுக்குள்ளேயே சுருட்டி, சுற்றிலும் இதழ் வரைந்து அதைப் பூவாக்கிவிடுவார். புத்தாண்டுக்கு எழுதும் தாள்களைச் சுவரில் ஒட்டும்போது வகுப்பெல்லாம் சிவப்புப் பூவாக இருக்கும். கிகுயோவின் தாளில் ஆறு வருஷத்தில் ஒரு பூ கிடையாது.

"எங்க டீச்சர் என் தாளைத் தூக்கிப் பிடிச்சு, 'கிகுயோ, இது எழுத்தா, காயப்போட்ட ஈரத்துணியா?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நிஜமாவே துணி மாதிரிதான் இருந்தது" என்று ஒரு நாள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஐம்பது வயதிலும் அதை ஒரு வார்த்தை மாறாமல் வைத்திருந்தார்.

பிறகு துண்டு நெய்யும் ஆலையில் பதினோரு வருஷம் வேலை. தறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு சைகையில்தான் பேச முடியும். "அந்தப் பதினோரு வருஷமும் நான் நினைக்கிறது எனக்கே கேக்கல, குனிமாட்சு சான்" என்றார். குனிமாட்சு என் பெயர், சான் மரியாதைக்கு. ஹேர் டிரையரை ஏன் அப்படிப் பகைத்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் நான் அதை நிறுத்தவில்லை, கொஞ்சம் தள்ளி எடுத்துப்போய் ஊதினேன்.

கல்யாணமாகிச் சரிவிலேயே இன்னொரு ஆரஞ்சுத் தோட்டத்துக்கு வந்தார். முப்பத்து நாலு வயதில் கோயிலில் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் விற்கும் வேலை கிடைத்தது. அப்போது ஜன்னலில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கிவிட, தலைமைத் துறவி அங்கே வேலை செய்யும் பெண்கள் நாலு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துப் புத்தர் பெயரை எழுதச் சொன்னார். மற்ற மூன்று பேரும் சரியாக வரவில்லை என்று சொல்லி இன்னொரு தாள், இன்னொரு தாள் என்று கேட்டு வாங்கி அழகாக எழுதிக் கொடுத்தார்கள். கிகுயோ கொடுத்தது முதல் தாள். அதில் ஓரத்தில் மை சொட்டியிருந்தது.

"நீ ஏம்மா வேற தாள் கேக்கல?" என்றாராம் துறவி.

"ஒரு தாள்தானே குடுத்தீங்க."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் கிகுயோவை எடுத்தார்கள். யாத்திரைப் புத்தகத்தில் ஒரு கோயிலுக்கு ஒரு பக்கம்தான். பல பேர் நடந்தே வந்து சேர்க்கும் பக்கங்கள் அவை. கடைசியில் அந்தப் புத்தகத்தைச் சவப்பெட்டிக்குள் கையருகே வைத்து அனுப்புவார்கள். அந்தப் பக்கம் தப்பினால் மறுதாள் கிடையாது. மற்ற மூன்று பேருக்கும் இது இன்றுவரை மனத்தாங்கல், எனக்குத் தெரியும்.

எடுத்ததும் ஜன்னலில் உட்கார வைத்துவிடவில்லை. இரண்டு வருஷம் பழைய செய்தித்தாளில் அந்த ஒரே பெயரை எழுதினார். தினமும் காலையில் கோயில் திறப்பதற்கு அரை மணி முன்பே வந்து, கல்லில் தண்ணீர் விட்டு மைக்கட்டியை அரைப்பார். ஜன்னலில் உட்கார்ந்த பிறகும் அதை விடவில்லை. கடையில் புட்டி மை கிடைக்கிறதே, எதற்கு இந்த வம்பு என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"அரைக்கிறது மைக்காக இல்ல, எனக்காக" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதிய கோட்டின் மேல் இரண்டாவது தடவை தூரிகையைக் கொண்டுபோகக் கூடாது. இதை எங்கள் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர்களானதும் பாதிப் பேர் யாரும் பார்க்காதபோது திருட்டுத்தனமாகத் தொட்டு நிரப்புகிறார்கள். கிகுயோ தொட மாட்டார். ஒரு தடவை ஒசாகாவிலிருந்து வந்த முதலாளி ஒருவர், எழுத்தின் வாலில் மை வறண்டு வெள்ளை தெரிகிறது, கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். அவரோ பெரிய மனிதர். துறவியே வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அந்த இடத்துல மை தீந்துபோச்சுங்க. தீந்ததும் எழுதினதுல சேர்ந்ததுதான்" என்றார் கிகுயோ. முதலாளி முகம் சிவந்து போய்விட்டார். நான் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைக் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பேன். நேரில் சண்டை, முதுகுக்குப் பின்னால் பெருமை. என் சுபாவம் அப்படி.

இனி அந்த நவம்பர் மாதத்துக்கு வருகிறேன்.

அந்தப் பயணத்தில் இஷிமாரு என்று ஒரு கிழவர் வந்திருந்தார். ஒகயாமாக்காரர். எழுபதைத் தாண்டியவர், தனியாக வந்திருந்தார், யாரோடும் பேச மாட்டார். புத்தகப் பையை நீட்டினால் எல்லோரும் தங்கள் புத்தகத்தைப் போட்டுவிடுவார்கள். இவரிடம் மட்டும் ஒவ்வொரு கோயிலிலும் கெஞ்ச வேண்டியிருந்தது.

"பாத்து. இது என்னோடது இல்ல."

"யாரோடதுங்க?"

"வீட்டுக்காரியோடது."

மனைவி யசுயோவுக்கு வயிற்றில் கட்டி. இரண்டு பேருமாக ஆரம்பித்த யாத்திரை நாற்பத்தேழாவது கோயிலோடு நின்றுவிட்டது. மிச்சத்தை முடித்து, அந்த அம்மாள் கண்ணை மூடுவதற்குள் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருந்தார். இத்தனையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பேசும்போது காதில் விழுந்தது.

அன்றைக்கு வழியில் மண் சரிந்திருந்ததால் நாற்பது நிமிஷம் தாமதம். அடுத்த கோயிலின் ஜன்னலை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள், அடைத்தால் அடைத்ததுதான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிகுயோவோ எப்போதும் போலத் தோளை ஏற்றி, தோளை இறக்கி எழுதிக்கொண்டிருந்தார். பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. பதினெட்டு. கீழே ஹாரன் அலறியது. நான் ஜன்னல் பலகையில் ஓங்கித் தட்டிக் கத்தினேன்.

"இன்னும் இருபத்தஞ்சு இருக்கும்மா! மூச்செல்லாம் அப்புறம் விடலாம், எழுதுங்க!"

தூரிகை தூக்கிய நிலையில் ஒரு நொடி நின்றது. பிறகு இறங்கியது. எழுதி முடித்து முத்திரை வைத்து என் பக்கம் தள்ளினார். நான் ஊதினேன், மூடினேன், பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அடுத்த கோயிலை நாலு ஐம்பதுக்குப் பிடித்துவிட்டோம். ஜன்னல் வேலையும் முடிந்தது. என்னைப் போன்ற கெட்டிக்காரன் உண்டா என்று நினைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், எங்கள் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பின்னால் ஆரஞ்சுப் பெட்டிகள். ஓட்டி வந்தது கிகுயோ. தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மடியில் துணி மூட்டை ஒன்று இருந்தது.

"பத்தொன்பதாவது புத்தகத்தை எடுங்க" என்றார்.

"என்னது?"

"புல்லை விட்டுட்டேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கிகுயோவின் கோயிலில் இருப்பவர் மருத்துவப் புத்தர். அவர் பெயர் மருந்து என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். அந்த எழுத்து இரண்டு துண்டு சேர்ந்தது: தலையில் புல் என்ற குறி, கீழே சுகம் என்ற எழுத்து. சுகம் என்பதற்கும் பாட்டு என்பதற்கும் ஒரே எழுத்துத்தான். புல்லை விட்டுவிட்டால் மருத்துவர் போய்ப் பாட்டுக்காரர் ஆகிவிடுவார்.

"எப்படிங்க தெரியும்? நாப்பத்து மூணு புத்தகம் எழுதியிருக்கீங்க."

"பத்தொன்பதாவது மூச்சு சின்னதாப் போச்சு. தூரிகையைக் கழுவும்போதுதான் கைக்கு ஞாபகம் வந்தது. எடுங்க, குனிமாட்சு சான்."

நான் புத்தகங்களை இருக்கை வரிசைப்படிதான் அடுக்குவேன். பத்தொன்பதாவதை எடுத்துப் பக்கத்தைப் பிரித்தேன். அழகான எழுத்து, நடுவில் பளிச்சென்று சிவப்பு முத்திரை. புல் இல்லை. பாட்டுக்காரப் புத்தர். அட்டையில் இருந்த பெயர் இஷிமாரு யசுயோ.

போயும் போயும் நோயாளியின் புத்தகத்தில், போயும் போயும் மருந்து என்ற எழுத்தில்! "யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, மேல ஒட்டிடலாம். கிழவருக்குக் கண்ணும் சரியாத் தெரியாது" என்று கிசுகிசுத்தேன்.

கிகுயோ என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதிக் காட்ட என்னால் முடியாது. நேராக பஸ்ஸில் ஏறி இஷிமாருவின் இருக்கைக்குப் போய், நடைபாதையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"உங்க புத்தகத்துல நான் ஒரு எழுத்தைத் தப்பா எழுதிட்டேன், ஐயா. என் தப்பு."

பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். நான் கத்தினதால் வந்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஊருக்கெல்லாம் கதை சொல்கிற என் வாய்க்கு அந்த ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இஷிமாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"போன வாரம் டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? இனி மருந்து வேண்டாம், வலியில்லாம சுகமா வெச்சுக்குங்கன்னாரு. நீங்க அதையேதான் எழுதியிருக்கீங்க. மருந்தை எடுத்துட்டு, சுகத்தை மட்டும் விட்டிருக்கீங்க. இது தப்பு இல்லம்மா. இப்படியே இருக்கட்டும். தொடாதீங்க."

பஸ்ஸில் நாலைந்து பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கைகூப்பி, புத்தரே எழுதியது என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பு அருளாக மாறிவிட்டது, எல்லோரும் தப்பித்தோம். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பார்கள்.

கிகுயோ எழுந்திருக்கவில்லை.

"நீங்க சொன்னது மனசுக்கு ஆறுதலா இருக்குங்க, ஐயா. ஆனா நான் அப்படி நினைச்சு எழுதல. என் கவனம் தப்பினதால விழுந்தது அது. அதைப் புத்தர் சொன்னதுன்னு சொல்லி உங்களை அனுப்ப என்னால முடியாது. எழுதினதைத் தொட மாட்டேன், அழிக்க மாட்டேன். பக்கத்துல ஒரு புள்ளி வெச்சு, சரியானதை ஓரத்துல எழுதித் தரேன். அனுமதி குடுங்க."

கோயிலில் உட்கார்ந்து சூத்திரம் நகலெடுக்கும் எல்லோருக்கும் இந்த முறை தெரியும். ஓர் எழுத்துத் தப்பினால் கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, ஓரத்தில் சரியான எழுத்து. பார்க்கிறவர்களுக்குத் தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும். இஷிமாரு கிகுயோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினார்.

கிகுயோ லாரிக்குப் பின்னால் தரையில் ஓர் ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்தார். மூட்டையைப் பிரித்து மைக்கல்லை எடுத்து வைத்தார். காலையில் அரைத்த மை வழியில் சிந்தி, மிச்சம் உலர்ந்திருந்தது. தண்ணீர் விட்டு மறுபடி அரைக்க ஆரம்பித்தார். காற்று அடித்தது. நான் போய் என் சட்டையை விரித்துக் காற்றுக்கு மறைவாக நின்றேன். டிரைவர் ஹாரனில் கை வைத்தான். திரும்பிப் பார்த்து முறைத்தேன், எடுத்துவிட்டான்.

அத்தனை வருஷமும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் அரைப்பதைப் பார்த்தேன். மைக்கட்டி கல்லில் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் அவர் தோள் படபடவென்று ஏறி இறங்கியது, மலைப்பாதையில் ஓட்டி வந்த பதற்றம். மை கறுக்கக் கறுக்க அது அடங்கியது. என் நெஞ்சும் கூடவே அடங்கியதை நான் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். பஸ் ஜன்னல்களில் நாற்பது முகங்கள் தெரிந்தன. அவர் தூரிகையை எடுத்தார். தோள் ஏறியது. முதலில் புள்ளி. பிறகு ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, புல்லோடு சேர்ந்த மருந்து. தூரிகையைத் தூக்கியதும் நான் என்னை அறியாமல் மூச்சை விட்டேன், அவரும் விட்டார். இருபது நிமிஷம் தாமதம். ஹேர் டிரையர் பையிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஏப்ரலில் இஷிமாருவை மறுபடி பார்த்தேன். நான் புத்தக மூட்டையோடு கிகுயோவின் ஜன்னலில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒருவர் வெயிலில் கறுத்து, கிழிந்த செருப்போடு, முதுகில் பையோடு நிற்கிறார். திரும்பினார். அவர்தான். இந்தத் தடவை முதல் கோயிலிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஜன்னலில் புதுப் புத்தகம் ஒன்றை வைத்தார்.

"இது என்னோடது. அவளோடது அவகூடவே போயிடுச்சு. பிப்ரவரியில."

கிகுயோ கைகூப்பித் தலை குனிந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? எனக்கும் அந்தப் புல்லை விட்டுட்டு எழுதிக் குடுங்க. பக்கத்துல அதே மாதிரி புள்ளியும் வெச்சுடுங்க. ரெண்டு புத்தகமும் ஒண்ணுபோல இருந்தா, அங்க போய் அவளைத் தேட எனக்கு வசதியா இருக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குக்கூட மாட்டேன் என்று சொல்ல ஒரு மனுஷிக்கு மனசு வருமா? கிகுயோ தூரிகையைக் கீழே வைத்தார்.

"முடியாதுங்க, ஐயா. தெரிஞ்சே தப்பு எழுத எனக்கு வராது. தப்பு பண்ணாம புள்ளி வெக்கவும் வராது."

அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இஷிமாரு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவளும் இதையேதான் சொல்லியிருப்பா. சும்மா கேட்டுப் பாத்தேன்."

பிறகு ஜன்னல் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். யசுயோ முப்பத்தாறு வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஆஸ்பத்திரியில் இவர் புத்தகத்தை மனைவியின் கண்ணெதிரே பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாராம். அந்த அம்மாளுக்கு எழுந்து உட்காரவே முடியாத நிலை. இந்தக் கோயிலின் பக்கம் வந்ததும் அந்த அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, புள்ளியைப் பார்த்தாராம், ஓரத்து எழுத்தைப் பார்த்தாராம். யார் இது எழுதியது என்று கேட்டாராம். இவர் நடந்ததையெல்லாம், லாரியையும் ஆரஞ்சுப் பெட்டியையும் சேர்த்துச் சொன்னாராம்.

"உடனே என்ன கேட்டா தெரியுமா? சிவப்புப் பென்சில். நர்ஸ்கிட்ட போய் வாங்கிட்டு வந்தேன். வட்டம் போட்டா. சுருட்டினா. சுத்தி இதழ் வரைஞ்சா, அஞ்சு. பூ போட்டுட்டா, உங்க எழுத்துக்கு."

கிகுயோ அசையவில்லை.

"கை நடுங்கினதுல ஒரு இதழ் கோணலாப் போச்சு. அழிச்சுத் தரேன், திரும்ப வரைன்னு சொன்னேன். வேண்டாம், ரெண்டாவது தடவை தொடக்கூடாதுன்னுட்டா. அந்தப் பக்கத்தைத் திறந்தபடியேதான் பெட்டியில வெச்சேன்."

இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "ஐயா, அன்னைக்கு அந்தம்மா மேல தப்பில்ல. நான்தான் பக்கத்துல நின்னு பலகையைத் தட்டிக் கத்தினேன்" என்று சொல்லிவிட்டேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ அந்தக் கோணல் இதழ் உங்களோடது. வெச்சுக்குங்க" என்றார்.

கிகுயோ சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இஷிமாருவின் புதுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தைப் பிரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். முகம் மட்டும் காது வரை சிவந்திருந்தது. தூரிகையை எடுத்தார். நனைத்தார். ஆனால் எழுதவில்லை. தோள் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. அவ்வளவு நேரம் அவர் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. வேறொரு பஸ்ஸின் வழிகாட்டி, என்னைவிட இளையவன், கையில் ஹேர் டிரையரோடு எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னைக்கு முடியுமா முடியாதா?" என்று கத்தினான்.

நான் திரும்பி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சத்தம் போடாதே. எழுதறாங்க" என்றேன்.